கறண்ட் இல்லாத ஊரில் இரும்புக்கை மாயாவி

சின்ன வயதில் விழுந்து விழுந்து வாசித்த காமிக்ஸை நாற்பது தாண்டியபிறகு மறுபடி வாசிக்கப் போகிறீர்கள் என்றால், புத்தகத்தை விரிக்க முதல் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கதை உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதப் பஞ்சி என்றால் கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் கொக்குவில் ஆள். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நின்றபோது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு பற்றறிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்கு யானை விலை, யாராவது ஜெனரேற்றர் பிடித்து வீடியோ போட்டால்தான் படம். ஆனால் எங்கள் வீட்டில் சின்ன மாமாவின் றங்குப்பெட்டி இருந்தது, அவர் ஜேர்மனிக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. மாமா இளந்தாரியாக இருந்த காலத்தில் பஸ் நிலையத்தடிக் கடைகளில் வாங்கிச் சேர்த்த சிவகாசி முத்து காமிக்ஸ், 1984 இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், அதே வருடம் தொடங்கிய ராணி காமிக்ஸ் எல்லாம் அதற்குள் கிடந்தன. புதுப் புத்தகம் வர வழியில்லை. அதனால் இருந்ததையே நானும் அண்ணாவும் மாறி மாறி வாசித்தோம், அட்டை கழன்று, பக்கம் கழன்று, கடைசியில் எந்தப் பக்கம் எந்தப் புத்தகத்துடையது என்றே தெரியாத நிலைக்கு வந்தது.

எல்லாரிலும் எங்களுக்குப் பெரிய ஆள் இரும்புக்கை மாயாவி. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஒரு மனிதர் விபத்தில் வலது கையை இழக்கிறார், அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்துகிறார்கள், பிறகு பெரிய மின்சார அதிர்ச்சி ஒன்று பட்டு உடம்பு முழுக்க மறைந்துபோகிறது, இரும்புக் கை மட்டும் வெளியில் தெரிகிறது. அதற்குப் பிறகு மறைய வேண்டுமென்றால் அவர் எங்கேயாவது கறண்ட் இருக்கிற இடத்தில் அந்தக் கையை வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சக்தி தீர்ந்து உருவம் திரும்பிவிடும், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

இதை நாங்கள் எதன் வெளிச்சத்தில் வாசித்தோம் தெரியுமா, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து மண்ணெண்ணெய் கொஞ்சமாக விட்டு ஏற்றுகிற விளக்கில். மாயாவி சுவரில் இருக்கிற பிளக்குக்குள் விரலை விடுகிற படம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சுவரிலும் பிளக் இருந்தது, அதற்குள் எறும்பு குடியிருந்தது. மாயாவி யாழ்ப்பாணத்துக்கு வந்தால் என்ன செய்வார் என்பதுதான் அண்ணாவுக்கும் எனக்கும் அந்த வருடங்களில் பெரிய விவாதம். சைக்கிள் டைனமோ போதும் என்பது அண்ணாவின் கட்சி. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த காலம் அது, அதனால் பெடலைச் சுற்ற ஒரு ஆள் கூட இருந்தால் மாயாவிக்கும் சரிவரும் என்பார். ஒருநாள் ரின்பால் பேணியைக் கையில் மாட்டிக்கொண்டு நானே வயரைப் பிடித்துப் பார்த்தேன். அது ஆறு வோல்ற். ஒன்றும் நடக்கவில்லை, பேணி விளிம்பு மணிக்கட்டை வெட்டியதுதான் மிச்சம்.

மறைந்துபோகிற ஆள் ஏன் எங்களை அப்படிப் பிடித்தார் என்று யோசிக்க அப்போது தேவைப்படவில்லை. பொம்மர், அதுதான் குண்டு போடுகிற விமானம், சுற்றுகிற நாட்களில் பங்கருக்குள் இருந்துகொண்டு, நாங்கள் மேலே தெரியக் கூடாது என்று நினைக்காத பிள்ளை இருந்திருக்காது. கள்ளனைப் பிடிக்கிறது, உலகத்தைக் காப்பாற்றுகிறது எல்லாம் எங்களுக்கு இரண்டாம் பட்சம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் கிட்ட வர, யாழ்ப்பாண நகரமும் எங்கள் ஊரும் அடங்கிய வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அரிசி, பிறப்புச் சான்றிதழ்கள், நடக்கேலாத அம்மம்மா, இவ்வளவும்தான் சைக்கிளில் ஏறின. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது றங்குப்பெட்டி இருந்தது, உள்ளே ஒரு கடுதாசியும் இல்லை.

பிறகு படிப்பு, வேலை, கலியாணம், பிள்ளைகள். மாயாவியை நான் தேடிப் போகவும் இல்லை. முத்து காமிக்ஸ் பழைய கதைகளை மறுபதிப்புப் போடுகிறது என்று சென்னைக்குப் போன கூட்டாளி ஒருவன் சில புத்தகங்கள் வாங்கிவந்து தந்தான், நன்றி சொல்லி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க பதின்மூன்று மணிநேரம் கறண்டை நிறுத்தினார்களே, போனும் செத்து, பிள்ளைகளும் சிணுங்கி, வேறு வழியில்லாமல்தான் அவற்றை எடுத்தேன்.

முதல் இரவு பெரிய ஏமாற்றம். ஒரு புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்தேன், முடித்தபோது தலை இடித்தது. ஒவ்வொரு சில பக்கத்துக்கும் மாயாவி ஆபத்தில் விழுகிறார், தப்புகிறார், மறுபடி விழுகிறார். வில்லன் பிடித்துக் கட்டுகிறான், கட்டிய இடத்தில் தற்செயலாக ஒரு மின்கம்பி இருக்கிறது. இதற்கா ஐந்து வருடம் பைத்தியமாக இருந்தோம் என்று இருந்தது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் அது அப்படி வாசிக்க எழுதப்பட்டதே இல்லை. இங்கிலாந்தில் வலியன்ட் என்ற சிறுவர் வார இதழில் 1962 இல் தொடங்கிய தொடர் அது, ஸ்டீல் க்ளோ என்பது அங்கே பெயர், லூயிஸ் கிராண்டல் என்பது ஆளின் பெயர். வாரத்துக்குச் சில பக்கம்தான். அடுத்த வாரம் பிள்ளை காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் கடைசிக் கட்டத்தில் ஆளை ஒரு பள்ளத்தின் விளிம்பில் தொங்கவிட்டே ஆக வேண்டும். அந்த வாரங்களை எல்லாம் ஒன்றாகக் கோத்துத் தமிழில் முழுப் புத்தகமாகத் தந்தபோது தொங்கலும் தப்பலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. சின்ன வயதில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் விளக்கில் எண்ணெய் இருக்கிற வரைதான் எங்களுக்கு வாசிப்பு. அம்மா வந்து ஊதி அணைத்துவிட்டுப் போவார், மிச்சம் நாளைக்கு. நாங்கள் அறியாமலே தொடராகத்தான் வாசித்திருக்கிறோம்.

அதனால் இரண்டாவது புத்தகத்தை வேறு விதமாக வாசித்தேன். இரவில் ஒரு ஆபத்து வரை, அதற்கு மேல் இல்லை. இது நன்றாக வேலை செய்தது, உண்மையாகவே அடுத்த நாள் வேலைத்தலத்தில் இருந்துகொண்டு அந்த ஆள் எப்படி வெளியில் வந்திருப்பார் என்று யோசிக்கிற அளவுக்கு. பழைய வார இதழ்த் தொடர்கள், நாளுக்கு ஒரு வரிசையாகப் பத்திரிகையில் வந்த கதைகள், வாரத்துக்கு ஒன்றாக ரீவியில் போன நாடகங்கள், எதுவானாலும் முதலில் அது எந்த இடைவெளியில் வந்தது என்று தேடிப் பாருங்கள். அதே இடைவெளி இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு இடைவெளி விடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மொத்தத்தையும் பார்த்து முடிக்கிறேன் என்று இருந்தால் நீங்கள் உயிராய் நினைத்ததை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

இரண்டாவது, முதலில் இருந்து தொடங்குங்கள். எங்களிடம் இருந்தது எல்லாம் நடுவிலும் கடைசியிலும் வந்த கதைகள், அவற்றில் மாயாவி நல்லவர், நிழற்படை என்ற உளவுப் பிரிவுக்கு வேலை செய்பவர். முதல் கதையை, 1972 இல் முத்து காமிக்ஸின் முதல் புத்தகமாக வந்ததை, நான் நாற்பது வயதில்தான் வாசித்தேன். அதில் அவர் கள்ளன். மறைகிற சக்தி கிடைத்ததும் அந்த மனிதர் செய்கிற முதல் வேலை களவு, அதிலிருந்து ஒரு நகரத்தையே மிரட்டுகிற அளவுக்குப் போகிறார். யாரும் பார்க்கவில்லை என்றால் ஒரு ஆள் எவ்வளவு கெதியாகக் கெட்டுப்போவான் என்று எழுதியிருக்கிறார்கள், அதுவும் சிறுவர் பத்திரிகையில். தொடக்கத்தில் எழுதியவர் கென் புல்மர் என்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர், பிறகு டொம் டல்லி எழுதினார். பிந்திய கதைகளை விட அந்த முதல் கதை எவ்வளவோ மேல். பிள்ளையாக அதை வாசித்திருந்தால் பிடித்திருக்காது, மாமாவின் பெட்டியில் அது இல்லாமல் போனதும் நல்லதுதான்.

மூன்றாவது, கதை கைவிட்டால் படத்தைப் பாருங்கள். வசனத்தை வாசிக்காமல் ஒரு முறை படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சலோனாக்காரர், எங்கள் இடப்பெயர்வு நடந்த அதே 1995 இல் காலமானார். கறுப்பு வெள்ளை மட்டும். மழை பெய்கிற தெருவில் வெறும் கை ஒன்று கதவுப் பிடியைத் திருகுகிறது, சுற்றி நிற்கிற ஆட்களின் முகத்தில் பயம், நிழல் விழுகிற திசை கூடப் பிசகாது. இதை எட்டு வயதில் நாங்கள் பார்த்தோம், கவனித்தோம் என்று சொல்ல முடியாது, ஆனால் பார்த்தோம். இன்றைக்கு யாராவது பழைய காமிக்ஸ் எல்லாம் குப்பை என்றால் நான் சண்டைக்குப் போவது இந்தப் படங்களுக்காக மட்டும்தான். கதைக்காகப் போகமாட்டேன்.

சரி, ஞாபகத்தை எழுதி வைக்கச் சொன்னதற்கு வருகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு மாயாவி கதையின் முடிவு முப்பது வருடமாக மனதில் அப்படியே இருந்தது. வில்லனைப் பிடித்துக் கொடுத்த பிறகு சனம் எல்லாம் கரையில் நின்று மாயாவியைத் தேடுகிறது. அவர் யாரிடமும் சொல்லாமல் இருட்டில் ஒரு வள்ளத்தில் ஏறிப் போகிறார். ஆள் தெரியவில்லை, துடுப்பைப் பிடித்த இரும்புக் கை மட்டும் தண்ணீருக்கு மேல் தூரத் தூரப் போகிறது. இதைத்தான் வாசிக்கத் தொடங்க முதல் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிற அண்ணாவுக்குக் குரல் பதிவாக அனுப்பியிருந்தேன், இந்தக் கதை கையில் கிடைத்திருக்கு, கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புறன் என்று.

கடைசிப் பக்கத்துக்குப் போனால் வள்ளமே இல்லை. தலைமையகத்தில் மேலதிகாரி பாராட்டுகிறார், கதை முடிந்தது. பதிப்பகத்தார் வெட்டிவிட்டார்களோ என்று அண்ணாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கினார், நிறுத்தவே இல்லை.

"டேய், அது புத்தகத்தில இல்லை. எங்கட புத்தகத்தில கடைசிப் பக்கங்கள் கிழிஞ்சு போச்சு. நீ முடிவு சொல்லு, முடிவு சொல்லு எண்டு அழுதாய். நான்தான் ஒண்டைச் சொன்னன்."

அது 1993 ஆக இருக்க வேண்டும் என்கிறார். அப்பா அலுவலாகக் கொழும்புக்குப் போக வேண்டி வந்து, கிளாலியால் இரவில் வள்ளத்தில் கடலேரியைக் கடந்து போன நேரம். கிளாலிப் பயணம் என்றால் என்ன என்று அந்த வருடங்களில் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொன்னால், நடுவில் கடற்படை கண்டு சுட்டால் அவ்வளவுதான். அப்பா திரும்பி வரும் வரை வீட்டில் எல்லாருக்கும் வள்ளம்தான் நினைப்பு, பதினாறு வயது அண்ணா அதையே எடுத்து மாயாவியின் தலையில் கட்டியிருக்கிறார். அண்ணாவுக்கு அதைச் சொன்னதே மறந்துபோயிருந்தது, என் குரல் பதிவைக் கேட்டபோதுதான் ஞாபகம் வந்ததாம்.

அந்தப் பதிவு இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்? உண்மையான கடைசிப் பக்கத்தை வாசித்த அன்றைக்கே வள்ளம் மெல்ல அழிந்திருக்கும், நான் ஏதோ குழம்பிவிட்டேன் என்று விட்டிருப்பேன். ஒன்றை மறுபடி பார்த்தால் புதிய பார்வை பழையதன் மேல் எழுதிவிடுகிறது. அதனால்தான் முதலே பதியச் சொல்கிறேன். உங்கள் ஞாபகத்துக்கும் புத்தகத்துக்கும் இடையில் வித்தியாசம் வருகிற இடங்களைக் கூடப்பிறந்தவர்களிடம் விசாரியுங்கள், அங்கேதான் வீட்டுக் கதைகள் கிடக்கின்றன. எனக்கும் அண்ணாவுக்கும் தொலைபேசியில் சுகம் விசாரிப்பதைத் தவிரக் கதைக்க ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. மாயாவியை வைத்து ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணிநேரம் கதைக்கிறோம், பாதி நேரம் சண்டை.

பிள்ளைகள் விஷயம். அப்பா வாசித்தது என்று கையில் திணித்தால் வாசிக்கமாட்டார்கள். மேசையில் போட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்கு வாசியுங்கள். மகன் ஒரு புத்தகம் வாசித்துவிட்டு, "ஏனப்பா இவர் ஒரு பவர் பாங்க் கொண்டு திரியேல்லை?" என்று கேட்டான். முப்பது வருடத்தில் எனக்கும் அண்ணாவுக்கும் தோன்றாத கேள்வி, டைனமோ வரைக்கும் போன எங்களுக்கு அதைச் சட்டைப் பைக்குள் வைக்கலாம் என்று வரவில்லை. மகள் அரைவாசியில் மூடிவிட்டாள். இதில் ஒரு பொம்பிளைப் பிள்ளையாவது இருக்கா என்றாள். தேடிப் பார்த்தேன், ஏறக்குறைய இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்துப் பையன்கள் பத்திரிகை அப்படித்தான். அதற்குச் சப்பைக்கட்டுக் கட்டாதீர்கள், ஓம் இல்லைத்தான் என்று சொல்லிவிடுங்கள்.

மகள் கேட்டதால்தான் மொடஸ்டி பிளைசியை எடுத்தேன். லயன் காமிக்ஸின் முதல் புத்தகமே அவளுடைய கதைதான், மாமாவின் பெட்டியிலும் இருந்தது, நாங்கள் தொடவில்லை. பேச்சு அதிகம், மறையவும் மாட்டாள். இப்போது வாசித்தால் மொத்தக் கூட்டத்திலும் வயது வந்தவர்களுக்கு நின்றுபிடிப்பது அவள்தான். 1963 இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் பீட்டர் ஓ'டொனல் எழுதத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 இல், அவர் பாரசீகத்தில் இராணுவத்தில் இருந்தபோது தனியாக நடந்து வந்த ஒரு அகதிச் சிறுமியைக் கண்டிருக்கிறார், சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள், அவள் மறுபடி தனியாகவே நடந்து போயிருக்கிறாள். அந்தப் பிள்ளை வளர்ந்தால் எப்படி இருப்பாள் என்று யோசித்ததுதான் மொடஸ்டி. தன் பெயர் கூடத் தெரியாமல் அகதி முகாமிலிருந்து வெளியேறி ஊர் ஊராக அலைந்து வளர்ந்தவள். இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வாங்கில் மாதக்கணக்கில் படுத்தெழும்பிய எனக்கு அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட முடியவில்லை. சின்ன வயதில் ஒதுக்கி வைத்ததையும் ஒருக்கால் எடுத்துப் பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன். மகளுக்கு மட்டும் இன்னும் கொடுக்கவில்லை, பதினாறு ஆகட்டும்.

முகமூடி மாயாவி, அதுதான் ராணி காமிக்ஸில் வந்த பாண்டம், என்னால் முடியவில்லை. லீ ஃபோக் 1936 இல் தொடங்கியது. காட்டு மக்கள் எல்லாம் பரம்பரை பரம்பரையாக ஒரு வெள்ளைக்காரரைக் கும்பிட்டுக்கொண்டு அவர் சொல்கிறபடி நடக்கிறார்கள், எட்டு வயதில் இது உறுத்தவே இல்லை, இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் உறுத்துகிறது. அண்ணா அதெல்லாம் பார்க்காதே, குதிரையையும் நாயையும் பார் என்கிறார். குதிரையும் நாயும் நல்லாத்தான் இருக்கின்றன.

இனிக் கைக்காரியங்கள். பழைய மூலப் பிரதிக்கு ஆசைப்படாதீர்கள், சேகரிப்பவர்கள் கையில் விலை கண்டபடி ஏறிக் கிடக்கிறது, வாசிக்க மறுபதிப்பே போதும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். பலாலியால் பறந்தாலும் காங்கேசன்துறைக் கப்பலில் வந்தாலும் பொதியின் எடையை முதலே கேளுங்கள், புத்தகம் பார்ப்பதை விடக் கனக்கும். ஆங்கில மூலத்தைப் பார்க்க விரும்பினால் ரெபெல்லியன் என்ற பிரித்தானியப் பதிப்பகம் 2021 இல் தொடக்கக் கதைகளைத் தொகுத்துப் போட்டிருக்கிறது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது லேசாகக் கிடைக்கும். போனில் பிடிஎஃப் ஆக வாசித்தும் பார்த்தேன், ஒரு கட்டத்தைப் பெருப்பித்தால் மற்றக் கட்டம் ஓடிவிடுகிறது, பிளாஸ்கோவின் நிழல்களுக்கு அது சரிவராது.

யார் வீட்டிலாவது பழைய பிரதி தப்பியிருந்தால் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். கொஞ்சக் காலத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். மெல்லிய கடுதாசியும் மாப்பசையும் நல்லது, ஆனால் மாப்பசைக்குப் பூச்சி வரும், அடிக்கடி விரித்துப் பார்க்க வேண்டும். வெயிலில் காயவைக்காதீர்கள், அந்தக் காலத்து நியூஸ்பிரின்ட் வெளிச்சம் பட்டால் இன்னும் கெதியாகப் பழுப்பாகி நொறுங்கும். நிலத்தில் பெட்டியை வைத்தால் கறையானுக்குச் சாப்பாடு, எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் சொல்லவே வேண்டாம். நான் அலுமாரியில் இரண்டாம் தட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன், மழைகாலத்தில் மாதம் ஒருக்கால் வெளியில் எடுத்துத் தட்டி வைப்பேன்.

கூட்டாளி வாங்கிவந்ததில் ஒரு மாயாவி இரண்டு பிரதி வந்துவிட்டது. கொக்குவில், இணுவில் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் தரலாம், காசுக்கு இல்லை, மாற்றுக்குத்தான். சட்டித்தலையன் ஆர்ச்சி, அந்த ரோபோ வருகிற காமிக்ஸ், ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், கடைசிப் பக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.